ஒரு நெல்மணியின் கால் பங்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து, ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாக, ஆம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

நியூசிலாந்தில் இருக்கும் எங்கள் மச்சான் பெருநாளைக்கு ஊருக்கு வந்துபோனதில் இருந்து ஒரு கதை ஓடித் திரிகிறது. "அவர் வீட்டிலயே தோட்டா செய்றாராம்" என்று. அவருடைய போனில் இருந்த வீடியோவைப் பார்த்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது எங்களிடம் மூன்று கேள்விகள் வருகின்றன. பள்ளிவாசலில் பெரியவர்கள் கேட்பது: "துவக்கால சுட்ட மான் இறைச்சி ஹலாலா?" வட்டைக்குப் போகிறவர்கள் கேட்பது: "அப்படி ஒண்ட நம்மளும் செஞ்சா பண்டிக்கும் யானைக்கும் ஒரு முடிவு வராதா?" பத்தாம் ஆண்டுப் பையன்கள் கேட்பது: "சேர், நெருப்புக்குச்சி மருந்தச் சுரண்டி அடச்சா அது மாதிரி வராதா?"

இந்த மூன்றாவது கேள்விதான் எங்களை எழுத வைத்தது.

நாங்கள் இருவரும் ஒரே கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் விஞ்ஞானமும் ஒருவர் கணிதமும் படிப்பிக்கிறோம். மச்சான் நின்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் இருந்து அவரிடம் எல்லாவற்றையும் கேட்டோம். கேட்டவற்றை எங்களுக்குத் தெரிந்த பௌதிகத்தோடும் கணக்கோடும் சேர்த்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். இதில் செய்முறை எதுவும் இல்லை. அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

முதலில் அவர் ஏன் வேட்டையாடுகிறார் என்பது. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருக்கவில்லை. மான்களை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன ஒரு புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் அவை பெருகி, இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. அதனால் அரச காடுகளில் அனுமதி எடுத்து மான் வேட்டையாடுவது அங்கே சட்டப்படியான காரியம். இங்கே அப்படி இல்லை. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அங்கே செய்யலாம் என்பதால் இங்கேயும் செய்யலாம் என்று ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மச்சானிடம் இருப்பது 6.5 க்ரீட்மூர் என்ற வகைத் தோட்டா போடும் ரைபிள். சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை, நடுத்தரம். 2007இல் அமெரிக்காவில் வந்தது. சன்னத்தின் விட்டம் சுமார் 6.7 மில்லிமீற்றர், எங்கள் சுண்டுவிரலைவிட மெல்லியது. நிறை 9 கிராம் அளவில். அது குழாயை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு சுமார் 820 மீற்றர். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீற்றர்தான். ஆகவே தூரத்தில் நிற்கும் மானுக்கு வெடிச்சத்தம் கேட்கும் முன்பே சன்னம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு, அடியில் இருக்கும் சிறிய பிரைமர், உள்ளே மருந்து, முனையில் சன்னம். சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அது 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த நல்ல பித்தளை. அந்தக் கூட்டைச் சோதித்து, துப்புரவாக்கி, சரியான அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் சன்னமும் வைத்துத் திரும்பப் பாவிப்பதுதான் மச்சான் செய்யும் வேலை. மருந்தையும் பிரைமரையும் சன்னத்தையும் அவர் செய்வதில்லை. தொழிற்சாலையில் செய்ததை, துவக்கு லைசன்ஸைக் காட்டி, கடையில் வாங்குகிறார். ஊரில் ஓடும் கதையில் தவறிப்போன பகுதி இதுதான். அவர் மருந்து காய்ச்சுவதில்லை. நிறுத்து நிரப்புகிறார்.

எப்படி நிறுக்கிறார் என்பதில்தான் நாங்கள் இருவரும் வாயடைத்துப் போனோம்.

மருந்தை நிறுக்கும் அலகின் பெயர் கிரேன். பழைய காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நிறையை வைத்து வந்த அலகு. நம்முடைய தங்க ஆசாரிமார் குன்றிமணி வைத்து நிறுத்தது போல. ஒரு கிரேன் என்பது 64.8 மில்லிகிராம். ஒரு கிராமில் 15 கிரேனுக்கு மேல் வரும். மச்சானின் மின் தராசு ஒரு கிரேனில் பத்தில் ஒன்றைக் காட்டும். அதாவது ஆறரை மில்லிகிராம். ஒரு நெல்மணி சுமார் 25 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு நெல்மணியின் கால் பங்கு. அந்தக் கால் நெல்மணி கூடினாலும் குறைந்தாலும் அவர் கொட்டிவிட்டுத் திரும்ப நிறுப்பார்.

"ஏன் மச்சான் இவ்வளவு கண்டிப்பு?" என்று கேட்டோம்.

"இதுல பிழைச்சா மானுக்கு இல்ல, எனக்குத்தான் மொதல் அடி. என்ட கன்னத்துல ஒட்டித்தானே அது வெடிக்கிது" என்றார்.

அந்தப் பதிலைக் கணக்காக விளங்கப்படுத்துகிறோம். கார் டயரில் காற்று அமுக்கம் 30 பி.எஸ்.ஐ. சொச்சம். இந்த வகைத் தோட்டா வெடிக்கும்போது துவக்கின் அறைக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் 62,000 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட இரண்டாயிரம் டயர்களின் அமுக்கம், சுண்டுவிரலளவு இடத்துக்குள், கண்ணில் இருந்து ஒரு சாண் தூரத்தில். அதைத் தாங்கும்படி செய்த உருக்கு மட்டும்தான் அதைத் தாங்கும். மருந்து கூடினாலோ, ஒரு வகை மருந்துக்குப் பதிலாக வேறு வகை போட்டாலோ, உருக்கே பிளந்துவிடும். மருந்து போட மறந்தாலும் ஆபத்துதான். பிரைமரின் பலத்தில் மட்டும் சன்னம் குழாயின் நடுவில் போய் இறுகிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும்.

அதனால் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்துதான் இருக்கும். போன் வேறு அறையில். பிள்ளைகள் அறைக்குள் வரக்கூடாது. மருந்து, சன்னக் கம்பனிகள் சோதித்து அச்சிட்ட கைநூலில் உள்ள அளவைத் தாண்டுவதில்லை. புதிய கலவை என்றால் அதில் சொன்ன ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுவார். அந்தக் கொப்பியின் படத்தைப் பார்த்தோம். எங்கள் ஆய்வுகூடப் பதிவேட்டைவிடத் துப்புரவு.

இனி தூரத்துக்கு வருவோம். இவ்வளவு நிறுத்துச் செய்வது எதற்கு? ஒவ்வொரு சன்னமும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதற்கு. 500 மீற்றர் போவதற்குள் சன்னம் நேர்கோட்டில் இருந்து 2 மீற்றருக்கு மேல் கீழே விழுந்துவிடும். அந்த வீழ்ச்சியைக் கணக்கிட்டுத்தான் மேலே குறிவைக்கிறார்கள். வேகம் வினாடிக்கு 15 மீற்றர் மாறினால், 500 மீற்றரில் சுமார் 8 சென்ரிமீற்றர் மேலோ கீழோ போகும். மானின் நெஞ்சில் உடனே உயிர்போகும் இடம் பெரிய இடம் இல்லை. ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவு.

இங்கே வகுப்பில் கேட்பது போல ஒரு கேள்வி. மருந்தைச் சரியாக நிறுத்தாகிவிட்டது. வேகமும் மாறவில்லை. இனி 500 மீற்றரில் பிழைக்காதா?

பிழைக்கும். சன்னம் அந்தத் தூரம் போக சுமார் 0.7 வினாடி எடுக்கிறது. சாதாரணமாக நடக்கும் ஒரு மிருகம் அந்த நேரத்தில் முக்கால் மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். விரல் விசையை இழுத்த பிறகு மான் ஓரடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்காக ஒரு காற்று வீசினால் சன்னம் அரை மீற்றர் அளவுக்கு ஒதுங்கும். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் அங்கே வீசும் காற்றைத் துவக்கருகில் நிற்பவரால் உணரவும் முடியாது. தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் மானின் அடுத்த அடியை நிறுக்க முடியாது.

வயிற்றில் பட்ட மான் உடனே விழாது. ஓடும். பற்றைக்குள் கிடந்து, மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். வேட்டைக்காரருக்குள்ளேயே இது பெரிய விவாதம். அமெரிக்காவில் 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அன்ட் குரொக்கட் என்ற பழைய வேட்டைச் சங்கம்கூட, எவ்வளவு தூரத்தில் அடிக்கலாம் என்று காட்டுவதற்காகவே உயிருள்ள மிருகத்தைச் சுடுவது முறையான வேட்டை ஆகாது என்ற நிலைப்பாட்டில் இருக்கிறது.

நமக்கு இது புதிய பாடம் இல்லை. உயிருள்ளதைக் கட்டிவைத்து இலக்காக்கி எய்து விளையாடுவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அறுப்பதென்றாலும் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு இலேசாக்கி, அழகிய முறையில் செய்யும்படி சொல்லியிருக்கிறார்கள். குர்பானிக்கு முதல் நாள் வாப்பாமார் கத்தி தீட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மச்சான் தராசின் முன் செய்வதும் அந்தக் கத்தி தீட்டும் வேலைதான் என்று எங்களுக்குப் பட்டது.

இப்போது பெரியவர்களின் கேள்வி. நாங்கள் ஆலிம்கள் இல்லை. தீர்ப்பு சொல்ல மாட்டோம். கேட்டு அறிந்ததைச் சொல்கிறோம். கூரானது துளைத்துக் கொல்வதும் பாரமானது அடித்துக் கொல்வதும் ஒன்றல்ல என்பது வேட்டை பற்றிய ஹதீஸ்களில் வரும் அடிப்படை. பழைய கிதாபுகளில் வரும் 'புந்துக்' என்பது களிமண் உருண்டை. அது அடித்துக் கொல்வது, ஆகவே கூடாது. இன்றைய துவக்குச் சன்னம் இதில் எதைச் சேர்ந்தது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துளைத்துச் செல்வதால், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் ஆகும் என்பவர்கள் ஒரு சாரார். உயிர் இருக்கும்போதே போய் அறுத்தால் மட்டும்தான் ஆகும் என்பவர்கள் மறு சாரார். தேவைப்படுபவர்கள் தங்கள் ஹஸரத்தைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மச்சான் எடுத்த முடிவு எங்களுக்குப் பிடித்தது. அவருடைய துவக்கு 500 மீற்றருக்குச் சரியாக இருக்கிறது. அட்டை இலக்கில் அந்தத் தூரத்துக்கும் பழகுகிறார். ஆனால் மானுக்கு அவர் போட்டுக்கொண்ட எல்லை 200 மீற்றர். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் சுடமாட்டார். "அந்தத் தூரமெண்டா சன்னம் கால் வினாடி சொச்சத்துல போயிரும். குத்துயிரா விழுந்தாலும் கத்தியோட ஓடிப் போய்ச் சேந்துருவன்" என்றார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் விழுந்த மானிடம் போய்ச் சேர அரை மணித்தியாலம் செல்லும். அவர் பல நாள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் போனவர்கள் சுடப்பட்டு 51 பேர் ஷஹீதானார்கள். அடுத்த மாதமே இராணுவ பாணித் துவக்குகளை அந்த நாடு தடைசெய்தது. 2023இல் இருந்து எல்லாத் துவக்குகளையும் பதிவு செய்கிறார்கள். லைசன்ஸ் எடுக்க வேண்டுமென்றால் பொலிஸார் வீட்டுக்கு வந்து பூட்டிவைக்கும் பெட்டியைப் பார்ப்பார்கள். மனைவியிடமும் தனியாகப் பேசுவார்கள். "அந்த ஜனாஸாக்களக் கண்ட சமூகம் நாங்க. துவக்குப் பெட்டிட திறப்ப எடுக்கிற ஒவ்வொரு நேரமும் அந்த நாள் ஞாபகம் வரும்" என்றார் மச்சான். அதற்கு அடுத்த மாதம் நம் நாட்டில் நடந்ததையும், பிறகு நம் வீடுகளில் நடந்த சோதனைகளையும் நாமும் மறக்கவில்லை. அதனால்தான் வெடிமருந்து பற்றி ஒரு முஸ்லிம் ஆசிரியர் வீட்டில் இருந்து எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். எழுதாமல் விட்டால் பிள்ளைகளுக்கு யூடியூப் சொல்லிக்கொடுக்கும் என்பதால் எழுதுகிறோம்.

இனி வட்டைக்காரரின் கேள்வி.

நம் பக்கத்திலும் மருந்து நிரப்புகிறார்கள். கையால்தான் நிரப்புகிறார்கள். ஆனால் யாரும் நிறுப்பதில்லை. ஒரு இரும்புக் குழாய், வீட்டில் இடித்த மருந்து, ஈயத்துண்டு, ஆணித்துண்டு. பன்றி வரும் பாதையில் குறுக்கே ஒரு கம்பி. அதுதான் கட்டுத்துவக்கு. மச்சானின் துவக்குக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். மான் ஓரடி வைத்தால் விரலை எடுத்துவிடுவான். கட்டுத்துவக்குக்குப் பின்னால் யாரும் இல்லை. வருவது பன்றியா, மாடா, தண்ணீர் கட்டப் போகும் மனிதனா என்று கம்பிக்குத் தெரியாது.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரின் வாப்பா சுபஹுக்குப் பிறகு வாய்க்கால் பார்க்கப் போனவர். பன்றியின் உயரத்துக்குக் கட்டியது மனிதனுக்கு முழங்காலில்தான் படும். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். கால் காப்பாற்றப்பட்டது, ஆனால் இனி மடங்காது. பிள்ளை ஒரு தவணை முழுக்கப் பாடசாலைக்கு வரவில்லை. லொறியில் நெல் மூட்டை ஏற்றப் போனார். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "நான் வந்தா ஆரு சேர் உழைக்கிற?" என்றார். பதினைந்து வயது. கட்டியவர் யார் என்று ஊரில் பலருக்குத் தெரியும் என்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பெயர் சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. ஆனால் அந்த மௌனத்தின் விலையை ஒரு பிள்ளை கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஹக்க பட்டாஸும் இப்படித்தான். பூசணித்துண்டுக்குள் வெடியை வைத்துப் பன்றிக்குப் போடுவது. அதை யானைக்குட்டி கடிக்கிறது. வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும் அதே வகைதான். கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

வட்டைக்காரரின் வயிற்றெரிச்சல் எங்களுக்கு விளங்காமல் இல்லை. எங்களுக்கு மாதம் முடிய சம்பளம் வருகிறது. அவருக்கு ஒரே இரவில் ஒரு போகம் போகிறது, கடன் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் அறிவுரையோடு நிறுத்தாமல் ஒரு யோசனையும் வைக்கிறோம். வரும் போகத்துக்கு முன், விவசாய அமைப்பும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து முறைவைத்து இரவுக் காவலை ஒழுங்குபடுத்தலாம். முறையான மின்வேலிக்கும் யானை வெடிக்கும் கமநல சேவை நிலையத்திலும் வனசீவராசிகள் அலுவலகத்திலும் ஊராகப் போய்க் கேட்கலாம். தனியாளாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். கடிதம் எழுதுவது, படிவம் நிரப்புவது, எல்லைக்கு அளவெடுத்து வரைபடம் கீறுவது எல்லாம் எங்கள் இருவரின் பொறுப்பு. காசு வேண்டாம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. தம்பிமாரே, நெருப்புக்குச்சி மருந்தும் பட்டாசு மருந்தும் துவக்கு மருந்து இல்லை. அவை உரசினாலே பற்றும், இடித்தாலே வெடிக்கும். தொழிற்சாலையில் செய்த மருந்தையே கால் நெல்மணி கூடினால் கொட்டிவிடுகிறார்கள். தராசும் இல்லாமல், அளவும் இல்லாமல், என்ன உலோகம் என்றே தெரியாத குழாயில் அடைப்பது, உங்கள் விரலை நீங்களே வெட்டிக் கொடுப்பது போல. சட்டத்திலும் அது பாரதூரமான குற்றம். ஆர்வம் இருக்கிறதா? நல்லது. வியாழக்கிழமை பின்னேரம் ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். பத்து நெல்மணியை நிறுத்து ஒன்றின் நிறையைக் கண்டுபிடிப்போம். 0.7 வினாடியில் எறிபொருள் எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கு பரீட்சைக்கும் வரும்.

வாப்பாமார், உம்மாமாரே, பரணிலோ வாடியிலோ குழாய், மருந்து, ஹக்க பட்டாஸ் ஏதாவது கிடந்தால் பிள்ளை கையில் படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கழற்றப் போக வேண்டாம். எங்காவது கட்டுத்துவக்கு கட்டியிருப்பது தெரிந்தால் 119க்கு அழையுங்கள். யாருக்காவது காயம் பட்டால் கோப்பித்தூள் அப்பாமல், சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள்.

அந்தப் பிள்ளை இந்தத் தவணை திரும்பி வந்திருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். முதல் வரிசையில்தான் இருக்கிறார். அவருக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்றதால் எழுதவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

இரவுக் காவல் யோசனை பற்றி உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் நேரிலும் பேசலாம்.

வஸ்ஸலாம்.